தண்ணீர் கேட்டவர்

நவம்பர் 12, 2024

காலையில் ரோஜா வெட்டு சுமார்தான். கொத்து சுற்றுவதற்காகப் பழைய பேப்பர் கடையில் வாங்கிய மூட்டையைப் பிரித்தால், நடுவில் ஒரு புத்தகம். அட்டை இல்லை. எழுதியவர் பெயரும் அட்டையோடு போய்விட்டது. இயேசுவின் வாழ்க்கை வரலாறு. கிழித்துச் சுற்றத்தான் எடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் சம்சாரம் மாதம்மாள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "பூ வாடுது. நீங்க இன்னா படிச்சிக்கினு இருக்கீங்க?"

நவம்பர் 17

மகள் சரிதா குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டாள். கம்பெனியில் கூட வேலை செய்கிற முனிராஜைத்தான் கட்டிக்கொள்வாளாம். முனிராஜ் யார்? எங்கள் நிலத்தில் வருஷக்கணக்கில் ஏர் ஓட்டிய ஆஞ்சப்பனின் மகன்.

"நீங்க பாத பூஜை பண்ணிக் குடுத்தா மண்டபத்துல கல்யாணம். இல்லைன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ். நீங்களே சொல்லுங்கப்பா."

பெண்ணைப் பெற்றவன்தான் மாப்பிள்ளை காலைக் கழுவ வேண்டும். ஆஞ்சப்பன் மகன் காலை நான் கழுவறதா? செத்தாலும் மாட்டேன்னு கத்தினேன். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இருக்கிறது ஒரே பெண்.

நவம்பர் 18

சோறு இறங்கவில்லை.

நவம்பர் 27

மலைக்கோயிலுக்குப் போகிறவன் இயேசு புத்தகத்தைப் படிக்கலாமா? படித்தால் என்ன, சாமி கோபித்துக்கொள்ளுமா?

அற்புதங்கள்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கின்றன. ஆனால் என்னைப் பிடித்து இழுப்பது அந்த மனுஷன்தான். ஊரே ஒதுக்கி வைத்தவன் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பெரிய மனிதர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர் பாட்டுக்குச் சாப்பிடுகிறார். என்ன துணிச்சல்! கத்தாமல் காரியத்தைச் செய்கிற ஆளை எனக்கு எப்போதும் பிடிக்கும். நான் கத்துகிறவன், அதனாலோ என்னவோ.

டிசம்பர் 8

இன்று படித்ததை மறக்க முடியாது. கடைசி இரவுச் சாப்பாடு. நடுவில் எழுந்து, மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் காலை ஒவ்வொன்றாகக் கழுவுகிறார். காட்டிக்கொடுக்கப் போகிறவன் காலையும் சேர்த்து. தெரிந்தே!

திரும்பத் திரும்பப் படித்தேன். கண் கலங்கிவிட்டது. குருவே கழுவுகிறார். தொரப்பள்ளிப் பக்கத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு பசுமைக்குடிலும் வைத்திருக்கிற எனக்கு என்ன வந்தது?

சரிதா வேலை விட்டு வந்ததும் சொன்னேன், "மண்டபமே பாரும்மா." குழந்தை மாதிரி ஓடிவந்து தோளைக் கட்டிக்கொண்டாள்.

டிசம்பர் 15

போட்டோகாரரிடம் பேசிவிட்டேன். பாத பூஜையை ரெண்டு ஆள் வைத்து ரெண்டு பக்கத்திலிருந்தும் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பால் சொசைட்டியில், டீக்கடையில், எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னேன். "உங்களுக்குப் பெரிய மனசுங்க" என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது.

மாதம்மாள் மட்டும், "கால கழுவறதுக்கு முன்னயே ஊரெல்லாம் தண்ணி தெளிச்சிட்டு வந்துட்டீங்க" என்றாள். இவளுக்கு வாய் ஜாஸ்தி.

ஒரு சிக்கல். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க வேண்டும். அங்கே சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. பைபாஸ் ரோட்டில் நல்ல ஹோட்டல் இருக்கிறது, எல்லோரும் அங்கேயே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றேன்.

"அவங்க வீட்டுத் தண்ணி ஆகாதாப்பா?" என்றாள் சரிதா.

மண்டபத்தில் காலைக் கழுவ ஒத்துக்கொண்டேனே, அது போதாதா?

டிசம்பர் 27

பேப்பர் மூட்டைப் புத்தகத்தில் நடுநடுவே பக்கங்கள் இல்லை. மனசு கேட்கவில்லை. கிருஷ்ணகிரிக்கு உரம் வாங்கப் போனபோது கிறிஸ்தவப் புத்தகக் கடையில் நுழைந்தேன். வாசலில் இன்னும் நட்சத்திரம் தொங்கியது. கடைக்கார அம்மா, சரோஜம்மாள் என்று பெயர், எந்தச் சபை என்று கேட்பாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. இயேசு நடந்த ஊர்களைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்து, "மெதுவா படிங்கண்ணா" என்றார்.

ஜனவரி 9, 2025

புதுப் புத்தகத்தில் இன்று படித்த இடம் முதல் புத்தகத்தில் கிழிந்து போயிருந்தது. மத்தியான வெயிலில் கிணற்றடியில் களைத்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு சமாரியப் பெண் வருகிறாள். அவருடைய ஜனங்கள் அவளுடைய ஜனங்களோடு புழங்க மாட்டார்கள். இவர் கேட்கிறார், குடிக்கத் தண்ணீர் கொடு என்று. அவளே திகைத்துப் போகிறாள்.

காலைக் கழுவுவது கொடுப்பது. கொடுக்கிறவன் கை மேலேதானே இருக்கிறது. இவரோ வாங்கிக்கொள்கிறார். என்னால் முடியுமா? இல்லை, ஹோட்டல்தானா?

எப்பேர்ப்பட்ட மனுஷன் இவர்! நான் சுற்றி வளைத்துத் தப்பிக்கிற இடத்தில் எல்லாம் முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறார்.

ஜனவரி 19

ஹோட்டல் வேண்டாம் என்று நானேதான் சொல்லி அனுப்பினேன். சரிதாவையும் கூட்டிக்கொண்டு ஆஞ்சப்பன் வீட்டுக்குள் இன்றுதான் முதல் தடவையாகக் கால் வைத்தேன். ஆஞ்சப்பனும் அவர் சம்சாரம் ஜோதியம்மாளும் உட்காரவே மாட்டேன் என்கிறார்கள்.

இலை போட்டார்கள். பார்த்தால், சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் ஹோட்டல் பார்சல். என் இலைக்குப் பக்கத்தில் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்.

"நீங்க எங்க ஊட்டு சோத்தச் சாப்புடுவீங்களோ மாட்டீங்களோன்னு..." ஆஞ்சப்பன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

பாட்டிலைத் தள்ளி வைத்தேன்.

"வூட்டுத் தண்ணி ஒரு சொம்பு குடும்மா."

ஜோதியம்மாள் அசையவில்லை. சரிதாவைப் பார்த்தார். மறுபடியும் கேட்டேன். பானையில் மொண்டு கொண்டுவந்தார். முழுக்கக் குடித்தேன். ஜில்லென்று இருந்தது.

"உங்களுக்குன்னு இன்னா ஆக்கி வெச்சிருக்கீங்க?"

"களிங்க. அவரக்கொட்டக் கொழம்பு."

"அதப் போடுங்க. நீங்களும் உக்காருங்க சம்பந்தி."

ஆஞ்சப்பன் உட்கார்ந்தார். குழம்பு மாதம்மாள் வைப்பதைவிட நன்றாக இருந்தது. இதை அவளிடம் சொல்லக் கூடாது.

பிப்ரவரி 16

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தாம்பாளத்தில் முனிராஜின் காலை வைத்தபோது, வேண்டாம் மாமா என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தான். விடவில்லை. மாதம்மாள் தண்ணீர் ஊற்ற, நான் கழுவித் துண்டால் துடைத்தேன்.

அந்த நேரம் பார்த்து போட்டோகாரர்கள் இல்லை. ரெண்டு பேரும் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். மாதம்மாளுக்கு ஒரே ஆத்திரம், யார் அவர்களை அனுப்பியது என்று.

நான்தான் அனுப்பினேன்.