எண்பதுக்குக் கீழ இறங்கின வீடு

வொர்த்திங்
ஞாயித்துக்கிழமை காலைல

ஃபெர்ன் கண்ணு,

நான் நல்லா இருக்கேன், நீயும் அங்க நல்லா இருக்கணும்னு எழுதித்தான் ஆரம்பிக்கணும், அதுல ரெண்டாவது மட்டும்தான் உண்மை. பயப்படாத, உடம்புக்கு ஒண்ணுமில்ல, வயிறு எரியுது அவ்வளவுதான். போன்லயே சொல்லிருப்பேன், ஆனா டெரிக் அங்கிள் அப்படிப்பட்டவரு இல்லம்மான்னு நீ நடுவுல ஆரம்பிப்ப, நான் கத்துவேன், நியூசிலாந்து வரைக்கும் கத்தறதுக்கு எனக்குத் தெம்பில்ல. கடிதாசின்னா கடைசி வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகணும்.

வீடு நம்மளுதுதானே, அப்பறம் ஏன் லீஸு லீஸுன்னு பொலம்பறேன்னு கேட்டல்ல. மாடி நம்மளுது, ஆனா அடில இருக்கற மண்ணு, சுவரு, கூரை எல்லாம் கீழ் வீட்டு டெரிக்கோடது. நாம வாங்கினது வீட்ட இல்லடி, வருஷத்த. அது தீந்துட்டா மாடியும் அவரு பக்கம் போயிடும், அதனாலதான் நடுவுல காசு குடுத்து நீட்டிக்கறது. அதுல எண்பதுன்னு ஒரு கோடு இருக்கு. பாக்கி எண்பது வருஷம் இருக்கறப்பவே, நீட்டிச்சுக் குடுங்கன்னு அவருக்கு நோட்டீஸ் குடுத்துட்டா ஏதோ என்னால முடிஞ்ச விலை. ஒரு நாள் தாண்டினாலும், நீட்டிச்சதால வீட்டுக்கு ஏறற மதிப்புல பாதிய மண்ணுக்காரருக்குத் தூக்கிக் குடுக்கணும். நமக்கு அந்தக் கோடு செப்டம்பர் கடைசில. வக்கீலம்மா ஆகஸ்ட்லயே நோட்டீஸ எழுதிட்டாங்க, நான் கையெழுத்தும் போட்டாச்சு, படியிறங்கிப் போயி குடுக்கறதுதான் பாக்கி.

அப்பத்தான் அவரு பொண்டாட்டி பாலினுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு நம்ம டாக்ஸிலதான் போனா வந்தா, மீட்டரே போடல நான். பிரேக்குன்னு ஒண்ணு இருக்குடி டோனா, கேன்சருக்கு முன்னாடி நீயே என்னை அனுப்பி வச்சுடுவ போலன்னு பின்சீட்டுலேந்து திட்டிக்கிட்டே வருவா. செப்டம்பர் ஆரம்பத்துல போயிட்டா. ஒரு கைல சூப்பு, பையில நோட்டீஸோட நான் கீழ போறேன், எழவு வீட்டுல எப்படி அத நீட்டறது, நீயே சொல்லு. இருந்தாலும் தேதி நெருங்குது டெரிக், ஒரு பேப்பர் குடுக்கணும்னு முணுமுணுத்தேன். அவரு என் கையப் புடிச்சுக்கிட்டு, முதல்ல அவள நல்லபடியா அனுப்பி வைப்போம் கண்ணு, நமக்குள்ள என்ன பேப்பரு, உன்ன நான் பாத்துக்க மாட்டேனான்னாரு. வக்கீலம்மா, துக்கம் துக்கமா இருக்கட்டும் தேதி தேதியா இருக்கட்டும், போயி குடுங்கன்னாங்க. உங்க வீட்டுல யாரும் செத்ததே இல்லையான்னு கேட்டுட்டு போன வச்சுட்டேன்.

அவள எரிக்கற சடங்கு அக்டோபர் முதல் வாரம்னாரு டெரிக். ஏன் இவ்வளவு நாள்னு கேட்டேன். ஃபெர்னுக்கு டிக்கெட் கெடச்சா வந்துடுவா, எங்க மடியில வளந்த புள்ள அது, அவ இல்லாம எப்படின்னாரு. உங்கிட்டயும் அதையேதான் சொன்னாரு, நீ போன்ல எவ்வளவு அழுத, லீவு கெடைக்கலன்னு எத்தன தடவ மன்னிப்பு கேட்ட. அவரு அவசரப்படாதீங்கன்னு சொல்றாரும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோன்னு நீயும்தான் சொன்ன. உன்னக் குத்தம் சொல்லல. ரெண்டு பேருமே ஏமாந்தோம்.

எரிச்சு முடிச்சுட்டு எல்லாரும் கிளப்புக்குப் போனோம், ஹாம் சாண்ட்விச், பீரு. டெரிக்கோட தம்பி நார்மன், ஸ்பெயின்லேந்து வந்தவரு, மத்தியானமே நிதானமில்ல, ரயிலுக்கு நேரமாச்சுன்னு அவரக் கொண்டுபோயி விடச் சொன்னாங்க. நான் யாருன்னு தெரியாது, வாடகை டிரைவருன்னு நெனச்சுட்டாரு போல, பின்னாடி உக்காந்து ஒரே பேச்சு. எங்கண்ணன் கில்லாடிம்மா, செப்டம்பர்லயே எரிக்க நாள் குடுத்தாங்க, வேணாம் அக்டோபருக்குப் போடுன்னுட்டான். மேல் வீட்டுக்காரிக்கு எளகின மனசாம், பொணம் போற வரைக்கும் பேப்பர நீட்ட மாட்டாளாம், அதுக்குள்ள தேதி தாண்டிடும்னான், தாண்டிடுச்சு பாருன்னு சிரிக்கறாரு. ஸ்டேஷன்ல இறக்கிவிட்டேன், பெட்டியக் கூட எடுத்துக் குடுத்தேன்.

திரும்ப கிளப்புக்குப் போனேன். ஊரே அவரு தோளத் தட்டிக்கிட்டு நிக்குது. செப்டம்பர்லயே நாள் இருந்துச்சா டெரிக்னு கேட்டேன். இல்லன்னு ஒரு பொய் சொல்லிருந்தாலும் நான் நம்பிருப்பேன், அவ்வளவு முட்டாள் நான். தட்டப் பாத்துக்கிட்டு, இன்னிக்குப் போயி இதப் பேசணுமா டோனான்னாரு.

வருஷாவருஷம் ஜூலைலயே கம்பளி சாக்ஸ் போட்டவ பாலின். அவள ஒரு மாசம் ஐஸ் பொட்டில போட்டு வச்சாரு, என் மாடிக்காக. அதுக்கு உன் பேர வேற சாக்கா வச்சாரு. விலை ஏறினது கூட எனக்கு அப்பறம்தான் உறைச்சுது.

மறுநாள் காலைல நோட்டீஸ அவரு கையிலயே குடுத்தேன். முடியாதுன்னு சொல்ல சட்டத்துல அவருக்கு வழியில்ல, விலைதான் ரெண்டு மடங்குக்கு மேல. கண்ணாடி போட்டு நிதானமா படிச்சுட்டு, உனக்கெதுக்கு கண்ணு இந்த பாரம், எனக்கே வித்துடு, நீ எதுலதான் நிலைச்சு நின்ன, பள்ளிக்கூடத்த பாதில விட்ட, பேக்கரிய விட்ட, சலூன விட்ட, ஃபெர்னோட அப்பனையும் விட்ட, இதையும் விட்டுட்டு நிம்மதியா போன்னாரு. அதக் கேக்கற வரைக்கும் விக்கலாமான்னு ஒரு யோசனை எனக்கும் இருந்துச்சு, பொய் சொல்லல. அத்தோட அது போச்சு.

நீ சேத்து வச்ச காச அனுப்பறேன்னு ஆரம்பிக்காத, அனுப்பினா திருப்பி அனுப்பிடுவேன். ஏர்போர்ட் சவாரி கூட ரெண்டு எடுத்துக்கிட்டேன், பேங்குலயும் கேட்டிருக்கேன். அவரு உனக்கு எழுதுவாரு. பதில் போடறதும் போடாததும் உன் இஷ்டம், ஆனா அம்மா கோவக்காரி, மன்னிச்சுக்கங்கன்னு மட்டும் எழுதிடாத. நீ அனுப்பின பூவ பாலின் தலைமாட்டுல நான்தான் வச்சேன், அத நெனச்சு அழு, வேற எதுக்கும் அழாத. பண்ணை வேலைன்னு காலைல சாப்பிடாம மாட்டுக்கிட்ட போகாத. பல் டாக்டரப் பாக்கறேன்னு சொல்லி மூணு மாசம் ஆச்சு, இந்த வாரம் போ. எங்க இருந்தாலும் நல்லா இரு, நல்லவங்க கண்ணுல படு.

இன்னும் எழுபத்தொம்பது வருஷமும் சொச்சமும் அவரு தலைக்கு மேல செருப்புக் காலோட நடக்கப்போற
உன் அம்மா,
டோனா