பிரிக்காத வெள்ளை மண் பை

என் கண்ணே சேவிம், உன் இரண்டு கண்களிலும் முத்தமிட்டு அம்மா குல்சும் எழுதுகிறேன். மாப்பிள்ளை ஓர்ஹானுக்கு எங்கள் சலாம், பேத்தி ஆய்லாவின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். எங்களைக் கேட்டால், அப்பா முழு நலம், நான் முக்கால் நலம். அந்தக் கால் பங்கைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இரண்டு மாதமாக நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உனக்குத் தெரியும், கோபம். மூன்று வாரத்துக்கு முன் திடீரென்று போன் செய்து, நலம் கூட விசாரிக்காமல், நான் அனுப்பிய மண் பையைப் பிரித்தாயா என்று மட்டும் கேட்டுவிட்டு நான் அழுததற்குக் காரணம் உனக்குத் தெரியாது. அது கோபமில்லை மகளே. முழுவதும் படி, நடுவில் எழுந்து போகாதே.

இந்தப் பெருநாளுக்கு முன் வழக்கம்போல மலையிலிருந்து வெள்ளை மண் கொண்டுவந்து கரைத்து வீட்டுக்குப் பூச ஆரம்பித்தேன். ஒரு காலையில் நான்கு சுவர் முடிப்பவள் நான், உனக்கே தெரியும். இந்த முறை முதல் சுவரின் பாதியிலேயே மூச்சு வாங்கி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். வலது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மந்தமான வலி, குத்தாது, விடவும் விடாது. உன் அத்தை வந்து, காற்றுப் பிடிப்பு என்று சூடாக்கிய கோப்பைகளை முதுகில் கவிழ்த்து இழுத்தாள், முதுகு சிவந்ததுதான் மிச்சம். வலப்பக்கம் படுத்தால்தான் மூச்சு விட முடிந்தது, அதனால் இரவெல்லாம் சுவர் பக்கமே திரும்பிக் கிடப்பேன். உன் அப்பா ஒரு காலை, "முப்பது வருஷம் என் மூஞ்சியப் பாத்தது போதும்னு சுவத்தப் பாத்துப் படுத்துட்டியா?" என்று கேட்டார். சளியில்லாத வறட்டு இருமல் வேறு. பாவாடைக் கயிற்றை இரண்டு முறை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது, அதைப் பார்த்து ஊர்ப் பெண்கள், "குல்சும் அக்கா, இளைச்சுக் கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்களே, என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சுகாதார நிலையத்தில் சளி மருந்து கொடுத்தார்கள். ஒரு பாட்டில் தீர்ந்தது, இரண்டு தீர்ந்தது, மூச்சு மட்டும் குறைந்துகொண்டே போனது. கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மூன்று இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. இது நம் ஊர்ப் பெண்களுக்கு ஐம்பதுக்கு மேல் வருகிற மார்நோவுதான், விதி என்று நான் வாயை மூடிக்கொண்டேன். உன் அப்பாதான் கேட்கவில்லை. "விதிய அப்புறமாப் பாத்துக்கலாம், மொதல்ல பஸ்ஸப் புடிக்கலாம்" என்று என்னை எஸ்கிஷெஹிருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அந்த மனிதர் மீது முப்பது வருடமாக நான் சொல்லி வந்த குறைகளில் பாதியை இதோ திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி இருக்கட்டும்.

அங்கே நெர்மின் என்று ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும். முதுகில் விரலை வைத்துத் தட்டினாள். இடது பக்கம் மேளம் மாதிரி கேட்டது, வலது பக்கம் மாவு மூட்டையைத் தட்டுவது மாதிரி. மற்ற டாக்டர்கள் எல்லாம் என்ன சாப்பிட்டாய், யாருக்காவது காசநோய் உண்டா என்று கேட்டார்கள். இவள், "எந்த ஊரும்மா? வீட்டுச் சுவருக்கு என்ன பூசுவீங்க?" என்று கேட்டாள். எனக்கு ஒரே குஷி. "வந்து பாரும்மா, எங்க ஊரு வெள்ளை மண்ணுதான், சுவரு பாலு மாதிரி இருக்கும். சுவருக்கு மட்டுமா? சலிச்சு, தகட்டுல சூடு பண்ணிப் புள்ளைங்களுக்கு அடியில போட்டா ஈரமே தெரியாது. என் பொண்ணையும் அதுலதான் வளத்தேன். இப்பப் பேத்திக்குக்கூட ஜெர்மனிக்கு ஒரு பை அனுப்பியிருக்கேன்" என்று அளந்துகொண்டே போனேன். அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் என்கிறார்களே அது, இருக்கிறதாம் சேவிம். தூசியாக மூச்சில் போய், நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் முள் மாதிரி குத்திக்கொண்டு, முப்பது நாற்பது வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் பிறகு வேலையைக் காட்டுமாம். மூச்சு வாங்குவது, ஒரு பக்க வலி, வறட்டு இருமல், காரணமில்லாமல் இளைப்பது, நெஞ்சில் நீர் கோப்பது, எடுத்தாலும் அது திரும்பச் சேருவது. நான் வயசு, காற்று, அழகு என்று தனித்தனியாகப் பெயர் வைத்திருந்ததெல்லாம் ஒரே நோய். ஒரு வகைப் புற்றுநோய், அதற்கு மீசோதெலியோமா என்று பெயர், சீட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். சவ்வில் ஒரு துளி கிள்ளிச் சோதித்து உறுதி செய்தார்கள். பேத்தியைப் பற்றிச் சொன்னதுமே டாக்டரம்மா தன் அறைப் போனிலேயே உன் எண்ணைப் போடச் சொன்னாள். என் கோபத்துக்குப் பயந்து இதற்குள் பிரித்திருப்பாயோ என்று, மணி அடித்துக்கொண்டிருந்த அந்த நேரம் நான் பட்ட பாட்டை எந்தத் தாயும் படக் கூடாது. நீ எடுத்து, தயங்கித் தயங்கி, "அம்மா, கோவிச்சுக்காதம்மா, அந்தப் பையப் பிரிக்கவே இல்ல. தைச்ச தையல் அப்படியே இருக்கு, நிலவறையில கெடக்கு. பாப்பாவுக்குக் கடையில விக்கிற காகித அணையாடைதான் போடறேன்" என்றாய். நான் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டேன். நீ அம்மா புண்பட்டுப் போனாள் என்று நினைத்திருப்பாய்.

ஜெர்மனிக்குத் திரும்பிய உன் யாஷார் சித்தப்பாவின் காரில் அந்தப் பையை ஏற்றி அனுப்ப நான் இரண்டு நாள் மண் சலித்தேன். நீ அதைத் தொடவில்லை என்று அவர் சொன்ன நாளிலிருந்து, என் மகள் வெளிநாடு போய்த் திமிர் பிடித்துவிட்டாள், சொல் பேச்சுக் கேட்கமாட்டாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். இப்போது அதே வீடுகளுக்குப் போய், சொல் பேச்சுக் கேட்காத மகளைக் கொடுத்ததற்கு அல்லாஹ்வுக்கு நன்றி என்று சொல்லிவிட்டு வருகிறேன். கூடவே மண்ணையும் கொட்டச் சொல்கிறேன். சில பேர் சிரிக்கிறார்கள், "எங்க மாமியா எம்பது வயசு வரைக்கும் இருந்தா, போ அக்கா" என்கிறார்கள். சிரிக்கட்டும், மறுநாளும் போவேன்.

என்னைப் பற்றி மறைக்கமாட்டேன். இது குணமாகிற நோய் இல்லை என்று டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். ஒரு வருடம், கூடக் குறைய இருக்கலாம். ஆனால் நெஞ்சிலிருந்து இரண்டு லிட்டர் நீர் எடுத்து, மறுபடி சேராமல் மருந்தும் வைத்த பிறகு, மூன்று மாதத்தில் முதல் தடவையாக மல்லாந்து படுத்துத் தூங்கினேன். அதற்கே எவ்வளவு நன்றி சொல்வது. உன் அப்பா நான் உன் அத்தை வீட்டில் இருக்கும்போது சுவரையெல்லாம் நனைத்து நனைத்துச் சிமெண்டு பூசவைத்தார், மூக்கில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு வழிப்பறிக்காரன் மாதிரி நின்றார். பருப்பு சூப்பும் வைக்கக் கற்றுக்கொண்டார், அடிப்பிடிக்காத நாள் இன்னும் வரவில்லை. இரண்டு கிண்ணம் குடிக்கிறேன்.

வசந்தத்தில் பேத்தியோடு வா, சுவர் இப்போது சாம்பல் நிறம், பயமில்லை. அதற்கு முன் நீ டாக்டரிடம் போய், நான் வெள்ளை மண்ணில் வளர்ந்தவள் என்று சொல்லி நெஞ்சுப் படம் எடுத்துக்கொள். இப்போது ஒன்றும் இருக்காது, ஆனால் உன் சீட்டில் அது எழுதியிருக்கட்டும், நாளைக்கு மூச்சு வாங்கினால் வயசு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தப் பையைப் பிரிக்காமல், உதறாமல், பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கட்டி, நகராட்சியில் என்ன மண் என்று சொல்லிக் கொடுத்துவிடு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குப் போகாதே, மாப்பிள்ளையை அனுப்பு. பிறந்ததிலிருந்து நீ என் பேச்சைக் கேட்டதில்லை, நல்லதாயிற்று. இந்த ஒரு தடவை மட்டும் கேள்.

ஆயிரம் ஆசிகளோடு,
இன்றைக்கு மல்லாந்து படுத்துத் தூங்கப் போகும் உன் அம்மா,
குல்சும்