உதறாத துண்டு

கீரமங்கலம்
ஞாயிற்றுக்கிழமை

மஸ்கட் வெயிலில் சம்பாதித்துக் கறுத்துப்போன என் நாத்தனார் பிரகதீஸ்வரிக்கு, மதினி சுகுணா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்க அண்ணன், பிள்ளை தேவிப்ரியா மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் கடித்து வைக்காமல் இருக்க மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நீ ஒரு பக்கம் கேட்கிறாய், நான் ஒரு பக்கம் சொல்கிறேன், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. வீடியோவில் உன் மூஞ்சியைப் பார்த்தால், சொல்ல வந்ததை விட்டுவிட்டு "சாப்பிட்டியா ஆத்தா" என்றுதான் எனக்கு வாயில் வருகிறது. அதனால் பேப்பரில் எழுதி, தேவிப்ரியாவிடம் ஃபோட்டோ எடுத்து உன் ஃபோனுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து கோழி கிண்டினது மாதிரிதான் இருக்கும். சிரிக்காமல் படி. நீ சிரித்தால் கீரமங்கலம் வரைக்கும் கேட்கும்.

நேற்று நானும் உங்க அண்ணனும் முதியோர் ஹோமுக்குப் போய் மாமாவை, உங்க அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தோம். கொண்டுபோய் விட்ட அன்று, கொஞ்ச நாளைக்கு யாரும் வர வேண்டாம், அப்போதுதான் இடம் பழகும் என்று சொல்லிவிட்டார்கள் இல்லையா. அந்த நாளெல்லாம் வீட்டில் ஒரே அமைதி. கேட்டைப் பூட்டினோமா இல்லையா என்று பதறி எழுந்திரிக்க வேண்டியதில்லை. மறதி வந்தாலும் மாட்டுத் தரகர் புத்தி போகாத மனுசர், பக்கத்து வீட்டு ரெங்கசாமியின் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, நம் வாசலில் கட்டி, வாயைத் திறந்து பல்லை எண்ணிக்கொண்டு நின்றாரே, அன்றைக்கு ரெங்கசாமி, "மாட்ட நான் கூட்டிட்டுப் போறேன். தரகுக் காச மட்டும் ஒங்க மாமாட்ட கேட்டுச் சொல்லுத்தா" என்று சிரித்துக்கொண்டே போனார். அதற்கு அடுத்த வாரம் பஸ் ஏறிப் போய்க் கட்டுமாவடியில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நான் பூ மண்டியில், உங்க அண்ணன் லோடு ஆட்டோவில், பிள்ளை காலேஜில். ஆள் இல்லாத வீட்டில் அவரை எப்படி விடுவது? நீ அந்த ஹோமைத் தேடிப் பிடித்து, கையெழுத்தும் போட்டு அனுப்பியபோது, தலைச்சுமையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

நீ பார்க்கச் சொன்னதை எல்லாம் பார்த்தேன். பெண் பார்க்கப் போன மாமியார்க்காரி மாதிரி ரூம் ரூமாக நுழைந்து பார்த்தேன். மேனேஜர் பிரவீன்குமார் என்று ஒரு பையன், இஸ்திரிச் சட்டை கசங்காமல் கூடவே வந்தான். தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறார்கள், ஒரு சொட்டு ஈரம் இல்லை. நம் வீட்டுப் பாத்ரூமை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் தண்ணீர் பாட்டில், கழுத்து வரைக்கும் நிறைந்து நிற்கிறது. மூத்திர வாடை கிடையாது, பினாயில் வாசம்தான். பெரியவர்கள் எல்லோரும் ஹாலில் டிவிக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. நம் சொந்தக்காரர்கள் எந்தக் கல்யாணத்திலாவது இப்படி உட்கார்ந்ததுண்டா என்று உங்க அண்ணன் காதில் சொன்னேன். பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வயசானவர்கள், தூங்கட்டும்.

மாமாவுக்கு முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக் களைதான். தோளில் துண்டுதான் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆன நாளில் இருந்து அவரைத் துண்டில்லாமல் பார்த்ததில்லையா, ஆளே பாதியாகத் தெரிந்தார். அங்கே பார்த்துக்கொள்கிற சந்தனமேரியிடம் கேட்டேன். துண்டு சலவைக்குப் போயிருக்கிறது என்றாள்.

பேச்சு கொடுத்துப் பார்த்தேன். "எந்தச் சந்தை மாமா இது, ஒரு மாட்டையும் காணோம்" என்றேன். சிரிக்கவில்லை. சரி, வாய் பேசாவிட்டால் என்ன, கை பேசுமே என்று என் முந்தானையை எடுத்து அவர் கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டேன்.

உனக்குத் தெரியாததா. சின்னப் பிள்ளையில் துண்டுக்குள்ளே அவர் விரலைப் பிடித்துப் பிடித்தே வளையலும் பாவாடையும் பேரம் பேசி வாங்கினவள் நீ. வீட்டுக்கு வந்து தேவிப்ரியாவுக்குத்தான் நான் விளக்க வேண்டியிருந்தது. மாட்டுத் தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்று துண்டைப் போட்டு மூடி விரலால் பேசுவார்கள், பிடிக்காவிட்டால் கையை உருவிக்கொள்வார்கள், படிந்துவிட்டால் ஒரு அமுக்கு அமுக்கி, துண்டை உதறித் தோளில் போடுவார்கள் என்று. பேச்சு குறைந்த பிறகு வீட்டில் எனக்கும் மாமாவுக்கும் அதுதானே பாஷை. எத்தனை இட்லி என்றால் விரலில்தான் பதில் வரும். குளிக்க வாங்க என்றால் கையை உருவிக்கொள்வார், கள்ளன்.

முந்தானைக்குள்ளே கையைப் பிடித்து, "இங்கிட்டு இருந்துக்கிறீங்களா மாமா" என்று கேட்டேன். உருவிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் என் விரலை அமுக்கிப் பிடித்தார் பிரகதி. நல்ல இறுக்கம். கிளம்புகிற நேரத்தில் உங்க அண்ணன் ஒவ்வொரு விரலாக எடுத்துத்தான் என் கையை விடுவிக்க வேண்டியிருந்தது. படிந்துவிட்டது. உங்க அப்பாவுக்கு இடம் பிடித்துவிட்டது. இனி நீ நிம்மதியாகத் தூங்கு. ஃபோனில் நீ கேட்கிறபோதெல்லாம் "நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நம் பலாவில் இந்த வருசம் நல்ல காய்ப்பு. உன் பங்கை நான் சாப்பிட்டுக்கொள்கிறேன், கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வாயாடி மதினி,
சுகுணா


கீரமங்கலம்
செவ்வாய்க்கிழமை

பிரகதி ஆத்தாவுக்கு மதினி எழுதுவது.

நீ வேலைக்குப் போய்விட்டாய், ஃபோனை எடுக்கவில்லை. வாய்ஸ் அனுப்பலாம் என்று பட்டனை அமுக்கினேன், உடனே விட்டுவிட்டேன். எல்லோர் நடுவிலும் நீ அதைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பதறக்கூடாது. வேலை முடிந்து ஃபோனைத் தொட்டதும் முதலில் இதைப் படி. மாமா உயிருக்கு ஒன்றுமில்லை. உங்க அண்ணன் இப்போது அவர் பக்கத்தில்தான் இருக்கிறார். அதை மனசில் வைத்துக்கொண்டு மற்றதைப் படி.

காலையில் மண்டியில் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். கை பாட்டுக்குக் கட்டியது, மனசு சனிக்கிழமையிலேயே நின்றது. மாமா எத்தனை மாடு முடித்து நான் பார்த்திருக்கிறேன். படிந்த பேரத்தில் அவர் கை ஒரு அமுக்குக்கு மேலே நிற்காது. அமுக்குவார், விடுவார், துண்டை உதறுவார். அத்தோடு தீர்ந்தது. அன்றைக்கு அவர் விடவே இல்லை. முந்தானையை உதறவும் இல்லை. துண்டு இல்லாததால் உதறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கட்டினது ஒன்றும் சரம் மாதிரியே இல்லை. அப்படியே போட்டுவிட்டுப் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். ஹோமுக்கு ஃபோன் பண்ணவில்லை. போன தடவை சொல்லிவிட்டுப் போனோம், இந்தத் தடவை சொல்லாமல் போனேன்.

கேட் பூட்டியிருந்தது. ரொம்ப நேரம் தட்டிய பிறகு சந்தனமேரி ஒரு கையில் சோற்றுக் கிண்ணத்தோடு வந்து திறந்தாள். என்னைக் கண்டதும், "அக்கா, கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். நான் இருக்கவில்லை.

மாமாவின் துண்டு சலவைக்குப் போகவில்லை பிரகதி. அந்தத் துண்டால்தான் அவர் வலது கையை நாற்காலியோடு கட்டியிருந்தார்கள். அவர் இன்னொரு கையால் அந்த முடிச்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கயிற்றையும் அவிழ்க்கிற மனுசர். ரெங்கசாமி மாட்டை அவிழ்த்த கையால் தன் கையை அவிழ்த்துக்கொள்ளத் தெரியவில்லை.

அவிழ்த்துவிட்டேன். முடிச்சு இருந்த இடம் சிவந்திருந்தது, தோல் உரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். சனிக்கிழமை பிடித்த அதே பிடி.

சந்தனமேரி அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கூட இருந்த பெண் வேலையை விட்டுப் போய்விட்டாளாம், காலையில் இருந்து அத்தனை பேருக்கும் இவள் ஒருத்திதான். "வாரவங்க போறவங்க கையெல்லாம் பிடிச்சுக்கிறாரு அக்கா. கரண்டுக்காரரு மீட்டர் பாக்க வந்தாரு, அவரு கையையும் விட மாட்டேங்கிறாரு. என் கையப் பிடிச்சா நான் எப்புடி மத்தவங்களுக்கு ஊட்டுறது? விட்டா எந்திரிச்சுக் கேட்டுக்குப் போயிருறாரு. விழுந்தா என்னையத்தான கேப்பாங்க" என்றாள். காலையில் எல்லோருக்கும் ஒரு சின்ன மாத்திரை உண்டாம். டாக்டர் எழுதினதா என்று கேட்டேன். மேனேஜர் சார்தான் எடுத்துக் கொடுப்பார், எனக்கு வேற தெரியாது என்றாள். சனிக்கிழமை நான் மெச்சிக்கொண்ட தண்ணீர் பாட்டில்கள் அப்படியே கழுத்து வரைக்கும் நிறைந்து நின்றன. எந்த மூடியும் திறக்கவில்லை. பாத்ரூம் அன்றைக்குப் போலவே காய்ந்து கிடந்தது. ஈரம் இல்லாத பாத்ரூமைப் பார்த்துச் சுத்தம் என்று உனக்கு எழுதியிருக்கிறேன் பார், என் அறிவே அறிவு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ பார்த்துப் பிடித்த இடம் என்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளாதே. கடல் தாண்டி இருக்கிறவள் ஃபோனில் என்னத்தைப் பார்க்க முடியும்? நேரில் போய் மூக்கை நுழைத்துப் பார்த்த நானே அவர் கையைத் தப்பாகப் படித்தேன். இடம் பிடித்ததால் அழுத்தவில்லை, என்னை விட்டால் போய்விடுவேன் என்றுதான் பிடித்திருக்கிறார்.

பிரவீன்குமார் வந்தான். மாமாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். சேர்த்தது உங்க நாத்தனார், கையெழுத்தும் அவங்களுது, அவங்க சொன்னால்தான் அனுப்ப முடியும் என்றான். தம்பி, இவர் என் மாமனார், அடமானம் வைத்த நகையா என்றேன். ரூல்ஸ் அக்கா என்றான். நான் கத்தியிருப்பேன், ஹாலில் இருந்த ஒரு அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது, விட்டுவிட்டேன். அந்த அம்மாவைப் பார்க்க யார் வருவார்கள் என்று தெரியவில்லை.

உங்க அண்ணனுக்குச் சொன்னதும் லோடை ஆலங்குடியிலேயே இறக்கிப் போட்டுவிட்டு வந்தார். உனக்குத்தான் தெரியுமே, அப்பா முன்னால் உட்காரக் கூச்சப்படுகிற ஆள். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதே கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டியவர். இன்றைக்கு நேராகப் போய் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் என்னென்னவோ சொன்னான். "அப்பா எந்திரிக்கிறப்ப நானும் எந்திரிக்கிறேன்" என்றார். உனக்குச் சேதி எழுத நான் மட்டும் வந்தேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மறுபடி மாட்டை அவிழ்ப்பார், பஸ் ஏறுவார். பூவை வீட்டுக்கே வாங்கி வந்து கட்டித் தருகிறேன் என்று மண்டியில் கேட்டிருக்கிறேன், சரி என்பார்கள் போலத்தான் இருக்கிறது. ரெங்கசாமி கேட்டுக்கு மணி கட்டித் தருகிறேன் என்றிருக்கிறார், மாட்டு மணிதான். எத்தனை நாள் தாங்குவோம் என்று தெரியாது. தாங்காவிட்டால் வேறு இடம் பார்ப்போம், ஆனால் இனிமேல் நான் மட்டும் போய்ப் பார்க்க மாட்டேன். நீ லீவு கேட்டு வா. வரும்போது சோப்பு, சென்ட், பேரீச்சம்பழம் ஒன்றும் வேண்டாம். கையைக் கொண்டு வந்தால் போதும். துண்டுக்குள்ளே அவரோடு பேசத் தெரிந்தவள் என்னைவிட நீதான்.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இதைப் படித்ததும் அந்த மேனேஜருக்கு ஃபோன் போட்டு, எங்கப்பாவை மதினியோடு அனுப்புங்க என்று சொல். அவன் மெயில் கேட்டால் மெயில் போடு. முதலில் அதைச் செய், பிறகு அழு.

நீ நல்லா இருக்கணும். உன் வீடு நிறைஞ்சு இருக்கணும்.

இப்படிக்கு,
சுகுணா

எழுதி முடித்து, ஃபோட்டோ எடுக்கத் தேவிப்ரியாவிடம் நீட்டும்போது உங்க அண்ணன் ஃபோன் பண்ணினார். சத்தமில்லாமல் பேசினார். "பிரகதி என்ன சொன்னுச்சு? சீக்கிரம் கேட்டுச் சொல்லு புள்ள. எனக்கு ஒண்ணுக்குப் போகணும், அப்பா கைய விட மாட்டேங்கிறாரு" என்றார். விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் போங்க, அன்றைக்கு எனக்கு எடுத்துவிட்டீங்களே என்றேன். "அன்னைக்கு எடுத்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார் ஆத்தா. சீக்கிரம் சொல்லு.