ஆஃப்ஹேண்ட்டாகப் பேசுகிறாள்

லீட்ஸ்,
4.2.2025

அன்புள்ள மீனாவுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் வாடிப்பட்டி வெயிலும் நலந்தானே? என் நர்ஸ் டூட்டியும் உன் பள்ளிக்கூட நேரமும் ஒத்துவராததால் மெயிலில் எழுதுகிறேன்.

ஒரு நல்ல சேதி. வேலையை உறுதி செய்வதற்கு முன் எங்கள் வார்டின் தலைமை நர்ஸான சிஸ்டர் என்னைப் பற்றி அறிக்கை எழுதியிருக்கிறாள். நோயாளிகளிடம் நான் 'ஆஃப்ஹேண்ட்'டாம். பத்தாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் என் தாளைப் பிடுங்கிக்கொண்டு, "ஆஃப்ஹேண்ட்டா பேசுடி, அதான் கெத்து" என்று நீதானே மேடைக்குத் தள்ளிவிட்டாய்? சந்தோசத்தில் சிஸ்டருக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்து நன்றி சொன்னேன். மனுசி ஏனோ முழித்தாள்.

மார்ச்சில் முடிவு சொல்வார்கள். உறுதியானால்தான் அவனியாபுரத்தில் விட்டுவந்த என் வீட்டுக்காரரையும் மகள் அஸ்வினியையும் இங்கே கூப்பிட முடியும். எல்லாம் உன் புண்ணியம்.

உன்,
செல்வி

வாடிப்பட்டி,
5.2.2025

அன்புச் செல்விக்கு,

உன் மெயிலைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை.

தயார் செய்யாமல் சட்டென்று பேசுவதும் ஆஃப்ஹேண்ட்தான். ஆனால் ஒருவரிடம் நீ ஆஃப்ஹேண்ட்டாக இருக்கிறாய் என்றால், முகம் கொடுக்காமல் வெடுக்கென்று பேசுகிறாய் என்று அர்த்தம். அவள் உன்னைக் குறை சொல்லியிருக்கிறாள்டி. நான் இங்கிலீஷ் டீச்சர் என்றுதான் பேர், உனக்குப் பாதி அர்த்தத்தைத்தான் சொல்லித் தந்திருக்கிறேன்.

நீ வெடுக்கென்று பேசுகிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். நோயாளிகளிடம் என்ன சொல்கிறாயோ, அதை அப்படியே தனியாக ஒரு தடவை சொல்லிப் பார். என்மேல் கோபமென்றால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

மீனா

லீட்ஸ்,
29.3.2025

என் மீனாவுக்கு,

இம்புட்டு நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை, வெட்கம்தான். அந்தச் சாக்லேட் டப்பாவை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நீ சொன்னபடி சொல்லிப் பார்த்தேன். 'சிட்.' 'டேக் டேப்லெட்.' 'கிவ் ஹேண்ட்.' என் மனசுக்குள் அதெல்லாம் உக்காருங்க, மாத்திரை போடுங்க, கையக் குடுங்க என்றுதான் ஓடுகிறது. அந்த 'ங்க' மட்டும் இங்கிலீஷில் ஏறவே இல்லை. கேட்டவர்களுக்கு 'ஏய், உக்காரு' என்றுதான் விழுந்திருக்கிறது.

சிஸ்டரிடம் போய் அப்படியே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க என் கூடவே நடந்து, எங்கெங்கே 'ப்ளீஸ்' வைக்க வேண்டும், எங்கே 'வுட் யூ' என்று தொடங்க வேண்டும் என்று காட்டித் தந்தாள். நல்ல மனுசி.

நேற்று வேலை உறுதியாகிவிட்டது. அவருக்கும் அஸ்வினிக்கும் விசா போடச் சொல்லிவிட்டேன். வார்டு கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசு என்றார்கள். கையில் தாள் இல்லை. உன்னைப் பற்றித்தான் பேசினேன். "ஆஃப்ஹேண்ட்டாகவே இவ்வளவு நன்றாகப் பேசுகிறாயே" என்றாள் சிஸ்டர். மறுபடியும் ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தேன், இந்த முறை அர்த்தம் தெரிந்து.

உன்னை இத்தனை வருசமாக 'டி' போட்டே கூப்பிட்டுவிட்டேன். ஒரே ஒரு தடவை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

நன்றிங்க டீச்சர்.

தமிழ்ச்செல்வி