வடிகட்டி எடுத்த சத்தம்

மார்ச் 6, வெள்ளி

இன்று காது பரிசோதனைக்குப் பதினொரு பேர். ஒரு பெரியவர், நான் பொத்தானைத் தொடும் முன்பே கையைத் தூக்குகிறார். "சத்தம் கேட்டா மட்டும் தூக்குங்க ஐயா" என்றேன். "நீ போடுறதுக்கு முன்னாடியே கேக்குதும்மா" என்கிறார். ரிப்போர்ட்டில் இதை எப்படி எழுதுவது?

மாலையில் 'இரும்புப் பூனை' ரசிகர் குழுவில் வழக்கமான வெள்ளிக்கிழமைச் சண்டை. அந்த ராக் குழு கலைந்து இருபது வருடமாகிறது; எந்த ஆல்பம் உசத்தி என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. முதல் ஆல்பம்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நடுவில் ஒருவர் ஒரு ஒலிப்பதிவின் இணைப்பைப் போட்டார். மழையில் நடந்த மைதானக் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ரெக்கார்டரைச் சட்டைக்குள் ஒளித்துவைத்து எடுத்த கேசட், எப்படியோ அவர் கைக்கு வந்திருக்கிறது.

நான் போன கச்சேரி. அண்ணனோடு. எனக்குப் பத்தொன்பது, அவனுக்கு இருபத்துநாலு.

மார்ச் 9

பஸ்ஸில் முதல் இரண்டு பாட்டைக் கேட்டேன். முதல் பாட்டு முடியவில்லை, அதற்குள் அண்ணனின் அந்த விசில். இரண்டு விரலை மடக்கி வைத்து அடிப்பான், கடைசியில் ஒரு வெட்டு வெட்டி மேலே தூக்குவான். அவனேதான். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

அவன் செத்து மூன்று வருடம். போட்டோ நூறு இருக்கிறது, குரல் ஒன்றுகூட இல்லை. யாருக்கும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பாத ஜென்மம். போனை எடுத்தாலும் "ம், சொல்லு" தான். அந்த "ம், சொல்லு" கூட இப்போது கிடைக்காது.

மீதி எட்டுப் பாட்டை ஒரே மூச்சில் கேட்டுத் தீர்க்க மனம் வரவில்லை. மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன். எங்கே ஓடிவிடப் போகிறது.

மார்ச் 13, வெள்ளி

குழுவில் எல்லோரும் அந்த விசிலைத் திட்டுகிறார்கள். "எவன்டா அவன், மூணாவது பாட்டுல கிட்டார் சோலோவையே நாசம் பண்ணிட்டான்." "அவ்ளோ மழையில நனைஞ்சும் அடங்கல பாரு."

படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். என் அண்ணன் என்று ஒரு வரி எழுத என்ன? வெட்கமாக இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

போச்சு.

அந்த இணைப்பைப் போட்டவருக்குக் குழுவில் வடிகட்டி என்று பட்டப்பெயர். வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. வீட்டுக்கு வந்தால் பழைய பதிவுகளிலிருந்து இரைச்சலை நீக்கிக்கொண்டிருப்பார். ஒரு வாரம் உட்கார்ந்து இந்தக் கச்சேரியைச் சுத்தம் செய்து, அதே இணைப்பில் ஏற்றிவிட்டார். விசில் இல்லை. மழைகூட இல்லை. எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

தனியாகக் கேட்டேன், பழையது இருக்கிறதா என்று. "பழசு எதுக்குங்க, இடத்த அடைக்குதுன்னு அழிச்சுட்டேன். கேசட்டும் மெஷின்ல சிக்கி நைஞ்சுபோச்சு."

வடிகட்டின முட்டாள் — இல்ல, அவரச் சொல்லி என்ன? வாயத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஏன் சொல்லல? என்ன கிரீடம் இறங்கியிருக்கும்?

மார்ச் 21

அண்ணி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமான புதுசுல, வீட்டுக்குள்ள விசில் அடிக்காதீங்கன்னு ஒரு தடவ சொன்னேன். அதுக்கப்புறம் அடிக்கவே இல்ல" என்றார். மடித்து வைத்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

மார்ச் 22

குழுவில் எழுதினேன். 'அந்த விசில் என் அண்ணன். இப்போது இல்லை. பழைய பதிவு யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.'

யாரிடமும் இல்லை. வரிசையாக மன்னிப்புக் கேட்கிறார்கள். மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 24

வடிகட்டி போன் செய்தார்.

"ஒண்ணு இருக்குங்க. நாங்க நீக்குற சத்தத்தத் தனி ஃபைல்ல போட்டு ஒரு தடவ கேட்டுப் பாப்போம், பாட்டும் சேர்ந்து போயிடுச்சான்னு தெரிய. அத அழிக்கல. குப்பைன்னு பேர் வச்சிருக்கேன்... தப்பா எடுத்துக்காதீங்க."

மார்ச் 25

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு பரிசோதனை அறைக்குள் போனேன். வெளிச்சத்தம் புகாத அறை. கதவைச் சாத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

பாட்டே இல்லை. மழை, கூட்டம், நடுவில் அவன். முதல் விசிலுக்கே கையைத் தூக்கிவிட்டேன், அந்தப் பெரியவரைப் போல. பிறகு அழுதேன். மூன்றாவது பாட்டில் ஓயாமல் அடிக்கிறான். குழுவில் திட்டியதிலும் நியாயம் இருக்கிறது.

அது முடிந்ததும், மிக அருகில், எரிச்சலோடு ஒரு பெண் குரல்.

"அண்ணா, கொஞ்ச நேரம் சும்மா இரேன். பாட்டக் கேக்க விடு."

நான்.

"சரி, சரி" என்றான். அவன் குரல். இரண்டே சொல்.

அதற்குப் பிறகு மழை மட்டும்தான். நான்காவது பாட்டு முடிகிற நேரத்துக்குக் காத்திருந்தேன், அடிக்கவில்லை. ஐந்தாவதற்கும் இல்லை. மீதி ஏழு பாட்டுக்கும் அவன் விசிலே அடிக்கவில்லை. நான் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை.

மார்ச் 29, ஞாயிறு

வடிகட்டி பாட்டையும் குப்பையையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்து அனுப்பினார். "நடுவுல ஒரு பொண்ணு திட்டுது. அத மட்டும் எடுத்துடவா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் அண்ணியின் சமையலறையில் வைத்தேன். முதல் விசிலுக்கு அடுப்பை அணைத்தார். அந்த "சரி, சரி" வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசிப் பாட்டுவரை இருவரும் நின்றுகொண்டே கேட்டோம்.

"திரும்ப மொதல்லேர்ந்து போடு" என்றார். போட்டேன்.

"இன்னும் சத்தமா வை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டா கேக்கட்டும்."