தொண்டை அடைப்பான் வீடு

11 பிப்ரவரி 1945, ஞாயிறு

ஆராதனைக்குப் பின், தேவாலய ஊழியரான கோயில்பிள்ளை வீபே அழையாமலேயே மதிய உணவுக்கு வந்துவிட்டார். நாங்கள் ஜெபத்துக்குத் தொப்பியைக் கழற்றுபவர்கள். யெல்லேயோ தலையை மூடி ஜெபிக்கும் யூதர் வீட்டுப் பிள்ளை, ஏழு வயது. என் தங்கையின் பேரன் என்று ஊருக்குச் சொல்லி, ஜெர்மானியர் பிடித்துப்போகாதபடி பதினேழு மாதங்களாக மறைத்து வைத்திருக்கிறேன். தனித்திருக்கையில் தொப்பியோடு ஜெபிக்க அனுமதித்தது என் பிழை. இன்று தொப்பியைக் கழற்றியதும், அவன் கை தானாகவே உச்சந்தலைக்குப் போயிற்று. வீபேயின் கண்கள் திறந்தே இருந்தன.

"பேன் கடிக்குதாடா? கையை எடு!" என்று அதட்டினேன். ஜெபத்தின் நடுவே ஒரு பொய்.

"பேன்னா சொறிவான். இவன் சும்மாதானே வச்சிருக்கான்?" என்றார் வீபே. பிறகு உருளைக்கிழங்கு முழுவதையும் உண்டுவிட்டுப் போனார்.

12 பிப்ரவரி, திங்கள்

வீபேயின் மைத்துனன் போலீஸில் இருக்கிறானே! சொல்லியிருப்பாரோ? இந்தப் பனியில், இந்த நொண்டிக்காலை வைத்துக்கொண்டு, பையனை எங்கே கொண்டுபோவேன்? — போச்சு, எல்லாம் போச்சு. இந்த நாட்குறிப்பையும் அடுப்பில் போடவேண்டும். போடவில்லை.

13 பிப்ரவரி, செவ்வாய்

கதவில் சுத்தியல் சத்தம். வீபே! நகராட்சியின் பழைய மஞ்சள் தொற்றுநோய் அறிவிப்பொன்றை அறைந்துகொண்டிருந்தார்: "தொண்டை அடைப்பான். உள்ளே வராதீர்."

"நாளைக்குப் போலீஸ் வீடு வீடா வருதாம். மச்சான் குடிச்சுட்டு உளறினான்."

"இதுல 1941-னு இருக்கே, வீபே."

"யோவ், உயிர் போற நேரத்துல தேதி பாக்குறியே!"

மை கொண்டுவந்து திருத்தினேன்.

14 பிப்ரவரி, புதன்

காலை 9.40. இரு போலீஸார். ஒருவன் அறிவிப்பைத் தேதி உட்பட விரல் வைத்துப் படித்தான். உள்ளிருந்து யெல்லே இருமினான். நான் சொல்லிக்கொடுக்காத இருமல்.

"ஜன்னலைச் சாத்து, பெரிசு!" — போய்விட்டார்கள். 9.52.

8 மார்ச், வியாழன்

அறிவிப்பு கதவிலேயே இருக்கிறது. பால்காரர் வேலியோடு திரும்பிவிடுகிறார்.

17 ஏப்ரல், செவ்வாய்

ஞாயிறன்று எங்கள் ஊருக்கு விடுதலை. இன்று, உறவினரைத் தேடும் பட்டியலுக்காக ஒரு பெண்மணி விவரம் கேட்டு வந்தார். யெல்லே தன் சொந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில் சொன்னான்: எலியாசர் டி விண்டர். பிறந்த நாள்?

"1937 நவம்பர் 9." தயங்கவே இல்லை. அது நான் இட்டுக்கட்டி, மனப்பாடம் செய்யவைத்த தேதி.

"அது வேண்டாம்டா. உன்னோடதைச் சொல்லு."

சோதிக்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தான். "இதுதான் தாத்தா என்னோடது."

அவனை என்னிடம் ஒப்படைத்த அன்று, அவன் தாய் உண்மையான பிறந்த தேதியைச் சொல்ல வாயெடுத்தார். தெரியாதிருப்பதே நல்லது என்று நான்தான் தடுத்தேன். அவரைப் பற்றி இதுவரை செய்தியில்லை.

பெண்மணி பேனாவை நீட்டினார். தேதிக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்திட்டேன்.