பெரியப்பாவைச் சாகடித்த கிளிக்

அக்டோபர் 14, செவ்வாய், ரவுண்ட் ராக்

சான் ஹோசே பெரியப்பாவுக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள். குப்புசாமி. எங்கள் வம்சாவளியைக் குடும்ப மரமாகப் போட்டு வைத்திருக்கும் இணையதளம், “இருவரும் ஒருவரா?” என்று கேட்டது. மரம் என்றால் குரங்கு வேண்டாமா? நாளை பெரியப்பாவுக்கு ஹார்ட் ஆபரேஷன், அதற்கு முன் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று “ஆமாம்” அழுத்தினேன். கொள்ளுத்தாத்தாவும் அவரும் ஒரே ஆளாகி, பெரியப்பா ஐம்பது வருடத்துக்கு முன்பே இறந்துவிட்டதாக எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் மெயில் போய்விட்டது.

கோயம்புத்தூர் அத்தை அப்பாவிடம் போனில் அழுதார். “பெரியண்ணனுக்கு நாளைக்கு ஆபரேஷன். இன்னிக்குப் போய் இப்படிப் போட்டிருக்குதேண்ணா.”

“எவன்டா மெர்ஜ் பண்ணது?” என்றார் அப்பா.

“சைட்டே தானா பண்ணியிருக்கும்ப்பா.”

இருவரையும் திரும்பப் பிரிக்க, மரத்தை ஆரம்பித்தவர்தான் ஒப்புதல் தர வேண்டுமாம். ஆரம்பித்தவர் பெரியப்பா. கோரிக்கை அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் பார்க்கவில்லை. இனி ஆபரேஷன் முடிந்து கண் விழித்து வந்துதான் அழுத்த வேண்டும். திட்டிவிட்டு அழுத்தினாலும் சரி.